மெஜாரிட்டி நம் ஊருக்கு வந்தது, நரசு

என் கண்ணான நரசுவுக்கு,

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தளி வண்டி கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது. டிரைவர் துரைசாமி அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார். ஜனங்கள் மாங்காய்க் கூடையும் மூட்டையுமாக ஏறி உட்கார்ந்துவிட்டு, எப்போது எடுப்பீர்கள் என்று என்னைப் பிடுங்குகிறார்கள். கண்டக்டர் என்றால் வண்டியின் வயிற்றுவலிக்கும் அவன்தான் வைத்தியன் என்று நினைப்பு. "இதோ, இதோ" என்று சொல்லிவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

நீ போன பிறகு ஊரில் ஒன்று நடந்தது. அதில் உன் பேரும் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்தது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

மெஜாரிட்டி என்று ஒரு சொல் நம் ஊருக்கு வந்தது, நரசு. இங்கிலீஷ் சொல். நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அளவெல்லாம் வண்டியில் ஏறி இறங்குகிற அளவுதான். ஃபுல் டிக்கெட், ஆஃப் டிக்கெட், ஒரு டஜன் முட்டை, ஒரு லோடு புளி. அவை யார் குடியையும் கெடுத்ததில்லை. இது வேறு ஜாதி.

நம் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். ஒரே மனுஷன், ஒரே கொட்டகை. இந்தப் பக்கம் தமிழ்ப் பிள்ளைகள், அந்தப் பக்கம் தெலுங்குப் பிள்ளைகள், நடுவில் அவர் பிரம்பு. அந்தப் பிரம்புக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்று நீ கேலி செய்வாயே, அவர்தான். அப்படி இரண்டையும் கற்றுக்கொடுக்கிற இன்னொரு ஆள் கிடைக்கமாட்டார், ஒரு பாஷைக்கு ஒரு வாத்தியார்தான் போட முடியும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எந்தப் பாஷைக்கு என்றால், ஊரில் எது மெஜாரிட்டியோ அதற்கு.

அந்தச் சொல்லை ஓசூரிலிருந்து முதலில் கொண்டுவந்தது என் அண்ணன் மாதப்பன். சந்தையிலிருந்து புது மண்வெட்டி வாங்கி வந்தவர் மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "நம்ம ஊருல தமிழுதான்டா மெஜாரிட்டி" என்று கீழ்வீதி முழுக்கச் சொன்னார். மறுநாள் உன் தம்பி கிருஷ்ணப்பா மேல்வீதி முழுக்க அதையே தெலுங்கு என்று மாற்றிச் சொன்னான். இரண்டு பேருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. ஜெயிக்கிறவன் பக்கத்துச் சொல் என்று மட்டும் தெரிந்திருந்தது.

நம் வண்டியில் ஜவளகிரிக்குப் போகிற காட்டிலாகா ஆள் ஒருவர் ஏறுவார். நாலெழுத்து படித்தவர். டிக்கெட் கிழித்துக்கொண்டே அவரைக் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல கண்டக்டரே. நூறு பேரு இருந்தா அம்பத்தோரு பேரு ஒரு பக்கம் நின்னா, அது மெஜாரிட்டி."

"அப்ப மிச்சம் நாப்பத்தொம்போது பேரு?"

"அவுங்க ஒத்துக்கணும்."

"ஒத்துக்கலன்னா?"

"ஒத்துக்கணும்" என்றார் மறுபடியும். அவருக்கும் அதற்குமேல் தெரியவில்லை.

நம் ஊர்ப் பஞ்சாயத்து எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். பொழுது சாய்ந்து, மாடு கத்தி, பெண்டுகள் வந்து திட்டினாலும், கடைசி ஆள் தலையாட்டும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். சலித்துப்போயாவது எல்லாரும் ஒரே வார்த்தைக்கு வருவார்கள். பாதிக்கு ஒரு ஆள் கூடினால் மீதிப் பேரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லையே!

முதலில் ஊரைக் கணக்கெடுக்க ஒரு குமாஸ்தா வந்தார். தமிழ் ஆள். வீடு வீடாகப் போய், "உங்க வீட்ல என்ன பாஷை?" என்று கேட்டார். வந்தவர் எந்தப் பாஷையில் கேட்கிறாரோ அதே பாஷையில் பதில் சொல்லித்தானே நமக்குப் பழக்கம்? இல்லாவிட்டால் விருந்தாளியை வெயிலில் நிற்கவைத்த மாதிரி. உன் தம்பி கிருஷ்ணப்பாவே, "தமிழுதாங்க, வாங்க, மோரு குடிங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். ஊர் முழுக்கத் தமிழ் என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

மேல்வீதிக்காரர்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. ஓடிப்போய் மனு கொடுத்தார்கள். அடுத்து வந்தவர் தெலுங்குக்காரர். "மீ இன்ட்லோ ஏம் மாட்லாடுதாரு?" என்று கேட்டார். என் அண்ணி இருக்கிறாளே, மாதப்பன் பெண்டாட்டி, முகமெல்லாம் சிரிப்பாக "தெலுகேனண்டி" என்று சொல்லி வெற்றிலை வேறு கொடுத்தாள். ஊர் முழுக்கத் தெலுங்கு! நல்லவேளை, மூன்றாவதாக ஒருவன் கன்னடத்தில் கேட்டுக்கொண்டு வரவில்லை. வந்திருந்தால் ஊரையே தூக்கி மைசூரில் வைத்திருப்பான்.

இதை வண்டியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை.

இரண்டு கணக்கும் செல்லாது, ஆபீசரே நேரில் வந்து ஆட்களை நிற்கவைத்து எண்ணுவார் என்று தண்டோரா போட்டார்கள். அன்றிலிருந்து ஊர் மாறிப்போயிற்று. மேல்வீதிப் பெண்கள் கீழ்வீதி வழியாகத் தண்ணீருக்கு வருவதை நிறுத்தினார்கள். ஏறக்குறைய முடிந்திருந்த ஒரு கல்யாணப் பேச்சு நின்றது. ஒருநாள் சாயங்காலம் கிருஷ்ணப்பாவின் கேழ்வரகுத் தாள் போர் பற்றி எரிந்தது. யார் வைத்த தீ என்று இன்றுவரை தெரியாது. அணைக்க ஓடியவர்களில் கீழ்வீதி ஆட்கள் எத்தனை பேர் என்று மறுநாள் கணக்குப் பார்த்தார்கள். தீயை அணைக்க வந்ததிலும் மெஜாரிட்டி பார்த்த ஊர் நம் ஊர்தான் நரசு.

என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் கீழ்வீதி, நீ மேல்வீதி. ஒரே குலம், ஒரே சாமி, பாஷை மட்டும் இரண்டு. நம் கல்யாணத்தில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது என் வீடு எந்தப் பக்கம் என்பது இரண்டு வீதிக்கும் பிரச்சினையாகிவிட்டது.

அண்ணன் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்தார்.

"டேய், நீ எந்தப் பக்கம்டா நிப்ப?"

"நான் வண்டியில நிப்பண்ணா. எனக்கு டூட்டி."

"வெளையாடாத. எம் பசங்க ரெண்டு பேரும் தமிழ்ல படிச்சிகினு வந்தவனுங்க. அவனுங்கள மறுபடியும் மொதல்ல இருந்து எழுதச் சொல்லுவியா? நீ அந்தப் பக்கம் போனீன்னா, அப்பறம் எங் கெணத்துப் பக்கம் வராத. ஆமா."

அன்று மாலை கிருஷ்ணப்பா வந்தான். அவன் மிரட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "பாவா, அக்கா இருந்திருந்தா உன்ன வந்து கேக்கவே மாட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் குந்திக்கொண்டான். அவன்மேல் இன்னும் கருகின வாசனை வந்தது.

இரண்டு பேர்மேலும் எனக்கு ஆத்திரம். ஆனால் உண்மையைச் சொன்னால், நீ சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான் என் தொண்டையில் நின்றது. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் அனுப்பவில்லை. நம் பெண் சீதா இரண்டாவது படிக்கும்போதுதான் நீ அவளிடம் எழுத்துக் கற்றுக்கொண்டாய். அடுப்புக்குப் பின்னால் சுவரில் கரியால் எழுதிப் பார்ப்பாய். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தேன், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவளுடைய தெலுங்குப் புத்தகத்தை ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தாய். பாதியில் காய்ச்சல் வந்தது.

"பாவா, இந்தப் பொஸ்தகம் முடியறதுக்குள்ள நான் போயிடுவன் போல. மிச்சத்த அவ படிக்கட்டும். அவ படிப்ப மட்டும் மாத்திடாத" என்றாய். "வாய மூடு" என்று திட்டினேன். நீ மூடிக்கொண்டுவிட்டாய்.

எண்ணுகிற நாள் வந்தது. நான் வேண்டுமென்றே விடிகாலையிலேயே வண்டிக்குப் போய்விட்டேன். கண்டக்டர் டூட்டியில் இருந்தால் யார் என்ன செய்ய முடியும்? சீதாவிடம் வீட்டிலேயே இரு என்று சொல்லியிருந்தேன். திரும்பி வரும்போது ஊர் எல்லை நெருங்கியதும் துரைசாமி அண்ணனிடம், "நிறுத்தாத, நேரா உடு" என்றேன். ஆனால் ஒரு கிழவர், "எறங்கணும், எறங்கணும்" என்று கூடையால் என் முதுகில் இடிக்கிறார். நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் ரோட்டோரத்தில் அல்லவா?

பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஆபீசர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வலது பக்கம் கீழ்வீதி, இடது பக்கம் மேல்வீதி, குடும்பம் குடும்பமாக. வீட்டுக்குப் பெரியவர் முன்னால் வந்து, வர முடியாமல் வீட்டில் கிடப்பவர்களையும் சேர்த்து எத்தனை பேர் என்று சொல்ல, இன்னொருவர் எழுதுகிறார். நடுவில் வெறும் மண். அந்த வெறும் மண்ணில் நம் சீதா தனியாக நிற்கிறாள். பெரியப்பா ஒரு பக்கம் வா என்கிறார், மாமன் ஒரு பக்கம் வா என்கிறான். அவள் இரண்டு பேரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கிவிட்டேன் நரசு. பையைக் கழற்றித் துரைசாமி அண்ணன் மடியில் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். வண்டி நிறைய ஜனம். ஹாரன் அடிக்கிறார், அடித்துக்கொண்டே இருக்கிறார். நான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். "இவங்கதான் பாக்கியா? எந்தப் பக்கம்?"

அண்ணனைப் பார்த்தேன். என்னைத் தூக்கி வளர்த்தவர். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பின்னால் அவருடைய இரண்டு பையன்கள். அந்தப் பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்? இப்போதும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆனால் என் கால் இடது பக்கம் நடந்தது. அண்ணன் காறித் துப்பியது காதில் விழுந்தது.

"வீட்ல எத்தனை பேர்?"

"மூணு பேருங்க."

யோசித்துச் சொல்லவில்லை நரசு. உன்மேல் ஆணை. யார் எப்போது கேட்டாலும் வாயில் வருகிற பதில்தான் வந்தது. மாரியம்மன் பண்டிகைக்குக் கிடா வெட்டினால் நம் ஊரில் வீட்டுக்கு ஒன்று என்று இல்லை, ஆளுக்கு ஒரு கூறு. செத்தவர்களுக்கும் வருஷம் திரும்பும் வரை கூறு உண்டு. அதைச் சமைத்து இலையில் படைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். நீ போய் அப்போது வருஷம் திரும்பவில்லை. அதற்கு முந்தின மாதப் பண்டிகையில்கூட நம் வீட்டுக்கு மூன்று கூறுதான் வந்தது. கூறு போட்டுக் கொடுத்தது அண்ணன் கை.

எழுதுகிறவர் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார். ஆபீசர் காதில் சொன்னார். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் தமிழ் வாத்தியார்தான் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். ஆபீசர் எழுந்து நின்றார்.

"தெலுங்குப் பக்கம் ஒருத்தர் அதிகம். தெலுங்குதான் மெஜாரிட்டி."

ஒருத்தர். அந்த ஒருத்தர் யார் என்று எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. எனக்கு மட்டுமில்லை, அங்கே நின்ற அத்தனை பேருக்கும். மேல்வீதியில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. கீழ்வீதியில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. உன் பாடையைத் தூக்கியவர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். வாய் திறந்தால், "அவ செத்துட்டாங்க" என்று என் பெண் முன்னால் சொல்லவேண்டும். நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

அந்த அமைதி ஆபீசருக்கு எப்படியோ இருந்திருக்க வேண்டும். அண்ணனைக் கூப்பிட்டார். "நீங்கதானே தமிழ்ப் பக்கத்துப் பெரியவர்? கடைசியா வந்தது உங்க தம்பி வீடுதானே? மூணு பேர், சரியா? ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லணும்."

ஹாரன் சத்தம்கூட நின்றுவிட்டது. துரைசாமி அண்ணனும் இறங்கி வந்து வேலி ஓரம் நின்றிருந்தார். அண்ணன் தன் பையன்களைப் பார்த்தார். சீதாவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை.

"சரிதாங்க" என்றார். "அது மூணு கூறு ஊடு."

"கூறுன்னா?"

"ஊருக் கணக்கு அதாங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆபீசர் போய்விட்டார். தெலுங்கு வாத்தியார் வந்துவிட்டார். நல்ல மனுஷன்தான், கொஞ்சம் மூக்கால் பேசுகிறார். சீதா அந்தப் புத்தகத்தை விட்ட இடத்திலிருந்து படிக்கிறாள். ஒவ்வொரு நாளும் விளக்கு ஏற்றியதும் சத்தமாகத்தான் படிக்கிறாள், உனக்குக் கேட்கவேண்டும் என்று. உனக்குக் கேட்கிறதா?

அண்ணன் பையன்கள் தமிழ் படிக்கத் தளிக்கு நடக்கிறார்கள். மழையிலும் நடக்கிறார்கள். வண்டியிலிருந்து பார்க்கிறேன். அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை, கிணற்றுப் பக்கம் எனக்கு வழி இல்லை, பேச்சும் இல்லை. எதிரில் வந்தால் வரப்பு மாறிப் போகிறார். அதற்கப்புறம் ஊரில் யார் போரும் எரியவில்லை. இரண்டு வீதியும் உன் பேரைச் சொல்லாமல் பார்த்துக்கொள்கின்றன. மெஜாரிட்டி என்ற சொல்லையும் யாரும் எடுப்பதில்லை. ஒருவேளை அந்தச் சொல்லும் உன் பேரும் ஒன்றாகிவிட்டனவோ என்னவோ.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நாளைக்கு உனக்கு வருஷத் திதி.

நேற்று பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணன் வாசலில் வந்து நின்றார். இத்தனை மாதம் கழித்து! உள்ளே வரவில்லை. வருஷம் திரும்பினால், கூறு போடுகிறவர் அந்த வீட்டுக்கு வந்து கேட்டுப்போக வேண்டும், அதுதான் முறை. பகை இருந்தாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"இனிமேட்டுக்கு உன் ஊட்டுக்கு எத்தினி கூறுடா?"

வாயைத் திறந்தேன். "மூ" வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அண்ணன் அவசரப்படுத்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீதா உள்ளே படித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"ரெண்டுண்ணா" என்றேன்.

சொல்லிவிட்டு அழுதேன் நரசு. நீ போன அன்றுகூட இப்படி அழவில்லை. வேலையாக இருந்தேன் அன்று. அண்ணன் துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் பொய் சொல்லலடா" என்றார்.

"தெரியும்ணா."

"இனிமே எவன் வந்து கேட்டாலும் ரெண்டுதான் சொல்லுவன்."

"சொல்லுண்ணா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இந்த முறை வரப்பு மாறவில்லை.

துரைசாமி அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டார். ஹாரன் அடிக்கப் போகிறார். உனக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன். அண்ணன் பையன்கள் இனிமேல் தளிக்கு நடக்க மாட்டார்கள், என் வண்டியில்தான் போவார்கள். டிக்கெட் காசு என் கையிலிருந்து, அண்ணன் திட்டினாலும் சரி. சீதாவின் படிப்பை நான் மாற்ற மாட்டேன். அடுத்த முறை எண்ண வந்தால், நாங்கள் இரண்டு பேராகத்தான் போய் நிற்போம். சமமாகட்டும், தோற்கட்டும். உன் பக்கத்தில்தான் நிற்போம்.

என்றைக்கும் உன் பாவா,
சீதாவின் அப்பா